சிங்கி இறாலின் விருந்தாளிகள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஹம்பாந்தோட்டையிலிருந்து வந்த மாமா, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியொன்றில் நான்கு சிங்கி இறால்களைக் கொண்டு வந்தார். எம்பிலிப்பிட்டியவில் எங்கள் சட்டிக்கு வருவது பெரும்பாலும் சந்திரிகா வாவியினதும் உடவளவையினதும் திலாப்பியா மீன்தான். நோனாகம சந்தி வரை பஸ்ஸில் இறங்கினால் கடல். ஆனாலும் சிங்கி இறால் எங்களுக்கு அபூர்வமான பண்டம். சிங்களத்தில் இதனைப் பொக்கிரிஸ்ஸா என்பார்கள். விலையைக் கேட்டால் ஹோட்டல்காரரும் வெளிநாட்டவரும் மட்டுமே வாங்கக்கூடியது என்று தோன்றும்.

உம்மா ஓட்டைப் பிளந்து சுத்தம் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று கையை எடுத்துவிட்டார். இரு பக்கமும் இருந்த செவுள்களில், அரிசியிலும் சிறிய வெண்ணிற மணிகள் மெல்லிய காம்புகளில் தொங்கிக்கொண்டிருந்தன.

“இதெனத்தியன் மகள், புழுவா? நீங்கள்தானே பயோ படிக்கிறது.”

ஹலாலா ஹராமா என்பதல்ல உம்மாவின் கேள்வி. அருவருப்புத்தான். நான்கில் இரண்டில் அந்த மணிகள் இருந்தன. அவற்றை வீசிவிடுவதா, சமைப்பதா என்ற முடிவு என் பதிலில் தங்கியிருந்தது. எனக்கோ பதில் தெரியவில்லை. ஆர்த்திரோப்போடா கணத்தின் இயல்புகளை வரிசையாக எழுதத் தெரிந்த எனக்கு, கண்முன்னே கிடந்த ஒரு பிராணியின் பெயர் தெரியாமற் போனது வெட்கமாக இருந்தது. கடைசியில் மாமாவே தீர்ப்புச் சொன்னார்: “அது பூவில மட்டும்தான் இருக்கும் தாத்தா, சதைக்குப் போகாது. பூவை எப்படியும் வீசுறதுதானே.” உம்மா செவுள்களை வெட்டி ஒதுக்கினார். நான் அவற்றை ஒரு ஜேம் போத்தலில் போட்டு, வீட்டிலிருந்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றி மூடினேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் போத்தலை எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் கொடுத்தேன். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு மணியை வைத்து நெடுநேரம் பார்த்தவர், “புழுவல்ல, இறாலின் சொந்தக்காரர்” என்றார். நானும் பார்த்தேன். காம்பின் நுனியில் ஒளி ஊடுருவும் ஒரு பை. அதனுள்ளே சுருண்டு கிடந்தன தூரிகை போன்ற கால்கள். இது ஒக்டோலஸ்மிஸ் என்னும் சாதியைச் சேர்ந்த பானக்கிள்.

பானக்கிள் என்றால் வள்ளங்களின் அடியிலும் கடற்கரைப் பாறையிலும் வெள்ளைக் கூம்பாக ஒட்டியிருக்குமே, அது. பார்த்தால் சிப்பி போலிருக்கும். உண்மையில் நண்டு, இறால் ஆகியவற்றோடு ஒரே கூட்டத்தில் வைக்கப்படும் விலங்கு. இதன் குடம்பி நீரில் நீந்தித் திரியும். தகுந்த இடம் கிடைத்ததும் தன் தலைப்பக்கத்தைப் பசை போன்ற பொருளால் ஒட்டிக்கொண்டு, அதன்பின் ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்து, கால்களால் நீரைத் துழாவி உணவு பிடிக்கும். ஒக்டோலஸ்மிஸ் குடம்பிக்குப் பாறை வேண்டாம். நண்டின் அல்லது சிங்கி இறாலின் செவுளறையைத் தேடிப் போகும். இறால் மூச்சு விடுவதற்காக அந்த அறையினூடாக ஓயாமல் நீரைச் செலுத்துகிறது. அந்த நீரோட்டம் விருந்தாளிக்கு ஒட்சிசனையும் உணவுத் துணிக்கைகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. வெளியிலிருந்து கடித்துத் தின்ன வரும் மீனிலிருந்து ஓடு காக்கிறது. வாடகை இல்லாத வீடு.

இறாலுக்கு இதனால் என்ன? பானக்கிள் அதன் இரத்தத்தை உறிஞ்சுவதில்லை, சதையைத் தின்பதுமில்லை. நாலைந்து இருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் செவுள் முழுவதும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டால் நீரோட்டம் தடைப்படும். ஐக்கிய அமெரிக்காவின் நீல நண்டுகளை வைத்துச் செய்யப்பட்டு 1992 இல் வெளியான ஆய்வொன்று, ஒக்டோலஸ்மிஸ் நிறைந்த நண்டுகள் தம் மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டி அந்தக் குறையைச் சமாளிக்கின்றன என்று காட்டியது. எந்நேரமும் மாடிப்படி ஏறுபவரைப் போல அவை வாழ்கின்றன என்று விளங்கிக்கொண்டேன்.

இங்கேதான் எனக்குப் பாடப்புத்தகத்தோடு ஒரு சிறு பிணக்கு ஏற்பட்டது. இரு வேறு இனங்கள் ஒன்றாக வாழ்வதை நாங்கள் மூன்று கட்டங்களில் போட்டுப் படிக்கிறோம். இரண்டும் பயன்பெற்றால் ஒரு கட்டம். ஒன்று பயன்பெற்று மற்றது பாதிக்கப்பட்டால் ஒட்டுண்ணி வாழ்வு. ஒன்று பயன்பெற்று மற்றதற்கு நன்மையும் தீமையும் இல்லையென்றால் ஓரட்டிலுண்ணல். இந்தக் கடைசிச் சொல்லை இரண்டு வருடங்களாக மனனம் செய்து எழுதியிருக்கிறேன், பிரித்துப் பார்த்ததில்லை. அட்டில் என்பது சமையலறைக்கான பழைய தமிழ்ச் சொல். ஓர் அட்டிலில் உண்ணல்: ஒரே அடுக்களைச் சோற்றை உண்பது. இவ்வளவு அழகான சொல்லை மூன்று புள்ளிக்காக மட்டும் பாடமாக்கியிருக்கிறேனே!

நான்கு பானக்கிள்கள் இருக்கும்போது ஓரட்டிலுண்ணல், நானூறு சேர்ந்தால்? விருந்தாளி மாறவில்லை, விருந்துவழங்கியும் மாறவில்லை. எண்ணிக்கை மாத்திரம் மாறுகிறது. உறவின் பெயரும் மாறிவிடுகிறது.

இந்தக் கட்டங்களை வகுத்துத் தந்தவர்களுள் முக்கியமானவர் பெல்ஜிய நாட்டு விலங்கியலாளர் பியர் ஜோசப் வான் பெனடென். கூடி உண்போர், ஒருவருக்கொருவர் உதவுவோர், ஒட்டுண்ணிகள் என்று விலங்குகளைப் பிரித்து 1875 இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1858 இல், இதே வான் பெனடென் ஐரோப்பிய சிங்கி இறாலின் மேல் வாழும் விசித்திரமான ஒரு புழுவை விவரித்திருந்தார். ஹிஸ்ட்ரியோப்டெல்லா என்று அதற்குப் பெயர். ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. உடலின் பின்முனையில் இரண்டு கால் போன்ற உறுப்புகள். அவற்றால் மாறி மாறிப் பற்றிப் பிடித்து, வளைந்து நெளிந்து, சர்க்கஸ் கோமாளி போல நடக்கும். பெயரின் முற்பாதிக்கு இலத்தீன் மொழியில் நடிகன் என்றே பொருள்.

அந்தக் கோமாளி வாழ்வது செவுளறையிலும், தாய் இறால் சுமக்கும் முட்டைகளுக்கு இடையிலும். செவுளில் படியும் பற்றீரியா முதலான நுண்ணுயிர்ப் படலத்தை அது சுரண்டித் தின்கிறது. அப்படியானால் அது வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கும் விருந்தாளி. இறாலுக்கும் நன்மை கிடைக்கக்கூடும். ஒரே செவுளறை, அங்கு குடியேறும் ஒருவர் கூட்டிப் பெருக்குகிறார், மற்றவர் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

போத்தலைத் திருப்பித் தந்தபோது ஆசிரியை, “செவுளை மட்டும் பார்த்தீர்களே, வாயைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். தலைகள் நான்கும் அன்றே குப்பைக்குப் போய்விட்டன. அவர் ஏன் வாயைக் கேட்டார் என்பது, அதைப் பற்றி வாசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வட அத்திலாந்திக் கரைகளில் நோர்வே சிங்கி இறால் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் கடலின் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு இல்லை, முள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகளே உண்டு. அதற்கோ மெலிந்த நீண்ட கொடுக்குகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் அது சாதாரண சந்தைப் பொருள். கோடிக்கணக்கானோர் அதை உண்டிருக்கிறார்கள். அதன் வாயுறுப்புகளிலுள்ள மயிர் போன்ற சிலிர்களில், ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளமான பிராணிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த டென்மார்க் நாட்டவர்களான பீட்டர் ஃபுன்ச், ரெயின்ஹார்ட் கிறிஸ்டென்சன் ஆகிய இருவரும் 1995 டிசம்பரில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அறிவித்தார்கள்: இது புதிய இனம், புதிய சாதி, அத்தோடு முடியவில்லை, புதிய கணம்.

கணம் என்றால் என்ன அளவு என்பதை விஞ்ஞானம் படிக்காத பெற்றோர்களுக்காகச் சொல்ல வேண்டும். நாம், மாடு, காகம், பாம்பு, தவளை, திலாப்பியா எல்லோரும் ஒரே கணம். வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, மட்டத்தேள், இறால் எல்லாம் சேர்ந்து இன்னொரு கணம். உலகத்து விலங்குகள் அனைத்தையும் ஏறத்தாழ முப்பத்தைந்து கணங்களுக்குள் அடக்கிவிடலாம். அவற்றில் ஒன்று, மனிதர் தினந்தோறும் தின்னும் உணவின் உதட்டில் 1995 வரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது. கணத்திற்கு சைக்கிளியோபோரா என்றும், அந்த இனத்திற்கு சிம்பியன் பண்டோரா என்றும் பெயரிட்டார்கள். சைக்கிளியோபோரா என்றால் சக்கரம் தாங்கி. வாயைச் சுற்றிப் பிசிர்கள் வட்டமாக அமைந்திருப்பதால் அந்தப் பெயர்.

சிம்பியனின் வாழ்க்கை முறை, நான் படித்த எந்த வாழ்க்கை வட்டத்தை விடவும் சிக்கலானது. சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

உணவுண்ணும் நிலையிலுள்ள சிம்பியன் ஒரு சிறு குடம் போன்றது. அடியில் ஒட்டும் தட்டு, மேலே புனல் போன்ற வாய். குடல் வளைந்து திரும்பி வந்து வாய்க்கு அருகிலேயே முடிகிறது. இறால் எதையாவது கிழித்துத் தின்னும்போது சிந்தும் துணிக்கைகளே அதன் உணவு. ஓரட்டிலுண்ணல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உதாரணம் இருக்க முடியாது. அடுக்களை கூட அல்ல, ஒரே பீங்கான். வாயும் குடலும் பழையதானால் உள்ளே புதிய வாயும் குடலும் அரும்பி மேலே வரும். அதே உடலுக்குள் இலிங்கமில் முறையில் பண்டோராக் குடம்பி உருவாகும். அது வெளியே வந்து அருகிலேயே ஒட்டிக்கொண்டு மற்றொரு குடமாகும். வெளிவரும் முன்பே அந்தக் குடம்பிக்குள் அடுத்த குடத்தின் அரும்பு இருக்கும். இவ்விதமாக ஒரே இறாலின் வாயில் குடித்தனம் பெருகிக்கொண்டே போகும்.

ஆனால் அந்த வீட்டுக்குத் தவணை உண்டு. இறால் வளரும்போது பழைய புறவன்கூட்டைக் கழற்றி எறிகிறது. சிலிரும் அந்த ஓட்டின் பகுதிதான். ஓட்டோடு குடித்தனம் முழுவதும் கடலடியில் விழுந்துவிடும். நோர்வே சிங்கி இறாலில் வளர்ந்தவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை இவ்வாறு ஓடு கழற்றுகின்றன.

ஓடு கழற்றும் காலம் நெருங்கும்போது சிம்பியன் இலிங்கமுறைக்கு மாறுகிறது. இப்போது உருவாவது புரோமிதியஸ் குடம்பி. அது இன்னொரு குடத்தின் உடலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனுள்ளே வாயும் குடலும் இல்லாத குள்ள ஆண்கள் உருவாகும். ஓர் ஆணின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் நான்கு பங்கு. முதிரும்போது அதன் பெரும்பாலான கலங்கள் தம் கருவையே இழந்துவிடுகின்றன. கருவுள்ளவையாக எஞ்சுவன ஐம்பது அளவான கலங்களே. இந்த எண்ணைக் கேட்டு எங்கள் வகுப்பில் ஒருத்தி, ‘ஐம்பது கலங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்’ என்றாள். பெண்ணும் ஒரு குடத்துக்குள்தான் உருவாகிறாள். அவளிடமிருப்பது ஒரேயொரு முட்டை. கருக்கட்டல் நிகழ்ந்த பின் அவள் வாயுறுப்பில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வெறுங்கூடாக மாறுகிறாள். அவளுடைய உடலையே உணவாகக் கொண்டு உள்ளே ஒரு குடம்பி வளர்கிறது. கூட்டைப் பிளந்து வெளிவரும் அந்தக் குடம்பி நன்றாக நீந்தக்கூடியது. அதுதான் புதிய ஓட்டைத் தேடிச் சென்று, அங்கு முதலாவது குடமாகிறது.

இறாலின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் சிம்பியன் தன் வாழ்வை நடத்துகிறது. இத்தனைக்கும் இறாலுக்கு அதனால் பாதிப்பும் இல்லை, உதவியும் இல்லை. இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சுப்ஹானல்லாஹ்” என்றவர், சிறிது நேரம் கழித்து, “அப்ப அந்த இறால் முடிஞ்சா இதுவும் முடிஞ்சுதானே” என்றார். ஆம். 2006 இல் அமெரிக்க சிங்கி இறாலின் வாயிலிருந்து சிம்பியன் அமெரிக்கானஸ் என்ற இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. ஐரோப்பிய சிங்கி இறாலிலும் ஒன்று உண்டு. ஆக, ஒரு முழுக் கணமே மூன்று வகை இறால்களின் உதட்டை நம்பி இருக்கிறது.

எல்லா விருந்தாளிகளும் இப்படிச் சாதுவானவர்கள் அல்லர். தாய் இறால் இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றடியில் ஒட்டிச் சுமக்கிறது. தொடக்கத்தில் செம்மஞ்சளாக இருக்கும் முட்டைத் திரள், குஞ்சு வளர வளரக் கபில நிறமாகும். கார்சினோநெமேர்ட்டெஸ் என்னும் மெல்லிய புழுக்கள் இந்த நாளுக்காகவே தாயின் உடலில் காத்திருக்கின்றன. முட்டைகள் வந்ததும் அவற்றிடையே புகுந்து, ஊசி போன்ற உறுப்பால் ஒவ்வொன்றாகத் துளைத்து உறிஞ்சிக் குடிக்கும். அங்கேயே தம் முட்டைகளையும் இடும். எங்கள் இந்து சமுத்திரத்தின் மறுகரையான மேற்கு அவுஸ்திரேலியாவில், எங்கள் சிங்கியின் அதே சாதியைச் சேர்ந்த இறாலில் இப்படியொரு புழு 1989 இல் விவரிக்கப்பட்டது. புளோரிடாவில் 2017 இல் விவரிக்கப்பட்ட இன்னொன்று நீண்டு மெலிந்து வெளிறியிருந்ததால், அதற்கு உயரமான ஒரு தொலைக்காட்சி நகைச்சுவையாளரின் பெயரையே சூட்டிவிட்டார்கள். கேட்கச் சிரிப்பு வந்தாலும் இந்தப் புழு வகையின் வேலை சிரிப்புக்குரியதல்ல. 1980களில் அலாஸ்காவின் சில இடங்களில் இதன் உறவுக்காரப் புழுக்கள் பெருகியதால், அரச நண்டின் முட்டைகள் ஏறக்குறைய முழுமையாகவே அழிந்தன.

இதை மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மீன் வாங்கி விற்பவர் அவர். “புழு ஒண்டொண்டாத்தான் குடிக்கும். பிரஷ் ஒரே இழுவையில முடிச்சிரும்” என்றார். எங்கள் நாட்டுச் சட்டப்படி முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிப்பது குற்றம். அகப்பட்டால் கடலில் விட்டுவிட வேண்டும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும் பெப்ரவரியிலும் சிங்கி பிடிப்பதற்கே தடை. ஆனால் முட்டையைப் பிரஷ்ஷால் சுரண்டி நீக்கிவிட்டு, முட்டையில்லாத இறால் என்று விற்பவர்களும் இருக்கிறார்களாம். வயிற்றடியிலுள்ள நீச்சற் கால்களில் அறுந்த நார்கள் தெரிந்தால் கண்டுபிடிக்கலாம் என்று மாமா சொன்னார். உம்மா உடனே, “நீ கொண்டு வந்ததில நார் இருந்ததா?” என்று குறுக்கே கேட்டார். மாமா இல்லையென்று சத்தியம் செய்தார். நான் அன்று செவுளை மட்டுமே பார்த்திருந்தேன்.

அந்தச் சுரண்டலில் இல்லாமற் போவது, விருந்தாளியாக வாழத் தொடங்க வேண்டிய பிள்ளைகளும்தான். ஏனென்றால் சிங்கி இறாலும் பிறக்கும்போது சின்னஞ்சிறு பிராணியே. முட்டையிலிருந்து வரும் குடம்பி கண்ணாடித் துண்டு போல ஒளி ஊடுருவும், இலை போலத் தட்டையானது, சிலந்திக் கால்கள். இலையுடல் என்ற பொருளில் அதனை பில்லோசோமா என்பார்கள். தெற்குக் கரையில் அதிகம் அகப்படும் பனுலிரஸ் ஹோமாரஸ் இனத்தின் குடம்பிகள் மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து திரிந்த பின்பே கரைப்பக்கப் பாறைகளுக்குத் திரும்புகின்றன. இவற்றின் உறவான, தட்டையான முகமுடைய சிலிப்பர் சிங்கி இறால்களின் குடம்பிகள் ஜெலிமீன் மீது ஏறிச் சவாரி செய்கின்றன. சவாரியும் அதுவே, சாப்பாடும் அதுவே. ஏறியிருக்கும் ஜெலிமீனையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. கொட்டும் கலங்களை விழுங்கியும் எப்படிச் சாகாமல் இருக்கின்றன? ஜப்பானிய ஆய்வாளர்கள் அவற்றின் எச்சத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். கொட்டும் உறுப்புகள் மெல்லிய சவ்வொன்றினால் பொட்டலமாகச் சுற்றப்பட்டு வெளியேறியிருந்தன.

ஜெலிமீனின் கணக்கில் அந்தக் குடம்பி ஒட்டுண்ணியா, பயணியா, வேட்டைக்காரனா? எங்கள் வகுப்பில் இதற்கு மூன்று விடைகள் வந்தன. ஆசிரியை மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார்.

இது பெப்ரவரி. தடை மாதம். மார்ச்சில் ஹோட்டலுக்குத் துண்டு போடும் இடத்தில் ஒதுக்கும் தலைகளை ஐஸில் வைத்துக் கொண்டு வருவதாக மாமா சொல்லியிருக்கிறார். வாயுறுப்புகளைச் சிலிர் உடையாமல் வெட்டியெடுப்பது எப்படி என்று இப்போது சாதாரண இறாலில் பழகிக்கொண்டிருக்கிறேன். ஜேம் போத்தல்களை உம்மாவே கழுவிக் காயவைத்திருக்கிறார்.